விளையாட்டே வாழ்வாதல்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

மனிதன் தன் செயல்களை நோக்கி எழுப்பிய வினாக்களுள் ‘இதனால் என்ன பயன்?’ என்பது மிகப் பழையதும் மிகக் கடியதுமாகும். உழவனை நோக்கி எவரும் இதனைக் கேட்பதில்லை. நெசவாளனை நோக்கியோ மருத்துவனை நோக்கியோ கேட்பதில்லை. அவர்தம் உழைப்பின் பயன் உண்ணும் சோற்றிலும் உடுக்கும் ஆடையிலும் நீங்கும் நோயிலும் கண்கூடாக விளங்குகின்றது. ஆயின், பாடுபவனையும் ஆடுபவனையும் சிந்திப்பவனையும் நோக்கி இவ்வினா ஒவ்வொரு தலைமுறையிலும் எழுந்துள்ளது. இன்று அவ்வினா மிகக் கூர்மையாக எழும் இடம் புதியதொன்று. திரையில் இரு உருவங்களைச் சண்டையிடச் செய்யும் வீடியோ விளையாட்டைத் தன் வாழ்நாட் தொழிலாக ஒருவன் கொள்வானாயின், அவ்வாழ்வு ஒழுக்கவியல் நோக்கில் மதிக்கத்தக்கதா என்பதே அது.

இவ்வினா டோக்கியோவிலோ லாஸ் வெகாஸிலோ மட்டும் எழுவதன்று. கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கியைக் கடந்து, நெல்வயல்களின் நடுவே செல்லும் வழியிற் சொறிக்கல்முனை அமைந்துள்ளது. திருச்சிலுவைத் திருத்தலத்தால் அறியப்பட்ட ஊர் அது. அதனைச் சூழ்ந்த நிலப்பரப்பில் ஒவ்வொரு தொழிலுக்கும் அதன் பயனே சான்று. வயலுக்கு நெல்லும் வாவிக்கு மீனும் மருதமுனைத் தறிக்குப் புடைவையும் சான்றாகும். இத்தகைய ஊரில் உயர்தர வகுப்பிற் பயிலும் ஓர் இளைஞன், தான் சண்டை விளையாட்டு வீரனாகப் போவதாகத் தன் தந்தையிடம் கூறுவதாகக் கொள்வோம். தந்தை என்ன விடை கூறுவார் என்பதை ஊகித்தல் எளிது. அவர் என்ன விடை கூறுதல் தகும் என்பதே கடினமான வினா. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டின் இயல்பு

ஆராய்ச்சிக்கு முன் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். யப்பானியக் கப்கொம் நிறுவனம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் பைட்டர் 2’ என்னும் விளையாட்டே இவ்வகைக்கு உலகளாவிய வடிவத்தைத் தந்தது. இருவர் அருகருகே இருந்து ஆடுவர். ஒவ்வொருவரும் ஓர் உருவத்தை இயக்குவர். உருவங்களின் உயிர்வலு திரையின் மேற்பகுதியில் ஒரு கோடாகக் காட்டப்படும். எதிரியின் கோட்டை முதலில் வெறுமையாக்கியவர் வெல்வார். இவ்வளவில் இது எளிதெனத் தோன்றும். ஆனால் திரையில் ஒரு நொடிக்கு அறுபது படங்கள் மாறுகின்றன. ஓர் அடி எத்தனை படங்களிற் பிறக்கும், எத்தனை படங்களில் ஓயும் என்பவை யாவும் வரையறுக்கப்பட்டவை. தேர்ந்த வீரன் இவற்றை மனனம் செய்திருப்பான். அதற்கும் மேலாக, எதிரே இருப்பவன் அடுத்துச் செய்ய எண்ணுவது யாது என்பதை அவன் உய்த்துணர வேண்டும். சதுரங்கத்தின் கணிப்பும் சிலம்பத்தின் விரைவும் ஒருங்கே வேண்டப்படும் ஆட்டம் இதுவெனில் மிகையாகாது.

இவ்வாட்டக்காரர்கள் 1996ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாவிற் சிறு அளவிற் கூடத் தொடங்கினர். அக்கூட்டம் 2002ஆம் ஆண்டு முதல் ‘இவோ’ என்னும் பெயருடன் ஆண்டுதோறும் நடைபெறும் பெருவிழாவாக வளர்ந்தது. 2023ஆம் ஆண்டிற் சீனாவின் ஹாங்சூ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் ‘ஸ்ட்ரீட் பைட்டர் 5’ பதக்கத்துக்குரிய போட்டியாக இடம்பெற்றது. தென் கொரியாவின் கிம் குவான் வூ தமது 44ஆவது வயதில், தைவான் வீரர் ஒருவரை நான்குக்கு மூன்று என்ற கணக்கில் வென்று, அதிற் பொற்பதக்கம் பெற்றார். இந்தியாவின் சார்பில் மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ் ஆகிய இருவர் அப்போட்டியில் ஆடினர். ஆகவே, இது சிறுவர் பொழுதுபோக்கு என்று கூறி வினாவைத் தள்ளிவிடுதல் இனி இயலாது. எனினும், அரசுகள் அங்கீகரித்தமையால் மட்டும் ஒரு செயல் நற்செயல் ஆகிவிடாது. அங்கீகாரம் ஒரு சமூக உண்மை. நன்மை என்பதோ நியாயத்தால் நிறுவப்பட வேண்டியது.

விளையாட்டும் வினையும்

மேனாட்டு மெய்யியலார் இவ்விடயத்தில் ஒருமித்த கருத்துடையோர் அல்லர். அரிஸ்டோட்டில் தமது ‘நிக்கொமாக்கிய ஒழுக்கவியல்’ என்னும் நூலின் பத்தாம் பகுதியில் விளையாட்டுக்குரிய இடத்தை வரையறுக்கின்றார். மனிதன் களைப்பு நீங்குவதற்காக விளையாடுகின்றான். களைப்பு நீங்குவது மீண்டும் வினையாற்றுவதற்காக. ஆகவே விளையாட்டு வினையின் பொருட்டு அமைந்தது. வாழ்நாள் முழுவதும் விளையாட்டின் பொருட்டு உழைத்தல் பேதைமை என்பது அவர் கருத்தின் சாரம். மேற்கூறிய தந்தை அரிஸ்டோட்டிலைப் படித்திராவிடினும் அவர் கூறவிருக்கும் விடை பெரும்பாலும் இதுவேயாகும்.

ஒல்லாந்த வரலாற்றாசிரியரான யொகான் ஹௌசிங்கா 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்கு மாறான கருத்தை முன்வைத்தார். சட்டம், போர், கவிதை, மெய்யியல் ஆகியவற்றுள்ளும் விளையாட்டின் கூறுகள் ஊடுருவி நிற்கின்றன என்பது அவர் துணிபு. ஆயின், அவரும் தொழில்முறை ஆட்டக்காரனை ஏற்றாரல்லர். விளையாட்டு என்பது தன்னிச்சையானது. வயிற்றுப் பாட்டிலிருந்து விலகி நிற்பது. அது தொழிலாகும்பொழுது விளையாட்டுணர்வு அதனை விட்டு நீங்குகின்றது என்பது அவர் கவலை. இவ்வாறாக, விளையாட்டைத் தாழ்த்தியவரும் உயர்த்தியவரும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றனர். ஒருவர் தொழில்முறை வீரனை நோக்கி ‘நீ உழைப்பவன் அல்லன்’ என்கிறார். மற்றவர் ‘நீ விளையாடுபவனும் அல்லன்’ என்கிறார்.

இம்முடிவு சரியானதா என்பதைக் கீழ்மாகாணத்தின் மரபுகளைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். கண்ணகி வழிபாட்டோடு தொடர்புடைய கொம்பு முறித்தல் இப்பகுதியின் தொன்மையான ஆட்டங்களுள் ஒன்று. ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து, வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, ஒன்று முறியும்வரை கயிறு கொண்டு இழுப்பர். இதில் ஈடுபட்டோர் இதனை இளைப்பாறலாகக் கருதியதில்லை. அவர்தம் முனைப்பு வயலில் உழைக்கும் முனைப்பிலும் குறைந்ததன்று. அவ்வாறே கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வழங்கிவந்த சீனடியும் பொல்லடியும், அவற்றை முறையாகக் கற்பித்த அண்ணாவிமாரும் நினைக்கத்தக்கோர். அண்ணாவியார் தம் கலையால் மதிப்பும் ஓரளவு வருவாயும் பெற்றார். அதனால் அவருடைய அடிவரிசை பொய்யாகிவிடவில்லை. எனவே தீவிரமும் வருவாயும் விளையாட்டுக்குப் பகையல்ல என்பது புலனாகின்றது. கனடாவில் வாழ்ந்த மெய்யியலாளர் பேர்னாட் சூட்ஸ் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், தேவையற்ற தடைகளைத் தாமாக விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என வரையறுத்தார். இவ்வரையறைப்படி, தடையை விரும்பி ஏற்கும் உள்ளம் இருக்கும்வரை விளையாட்டும் இருக்கின்றது. கூலி பெற்றும் அவ்வுள்ளத்தைக் காத்தல் இயலுமா என்பதே எஞ்சி நிற்கும் வினா.

தோற்றவன் செய்த செயல்

இவ்வினாவுக்கு விடைகாண உதவும் நிகழ்ச்சி ஒன்று 2004ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாவின் பொமோனா நகரில் நிகழ்ந்தது. அவ்வாண்டு இவோ போட்டியின் ‘ஸ்ட்ரீட் பைட்டர் 3’ பிரிவில், இறுதிப் போட்டிக்கு முந்திய ஆட்டத்தில், யப்பானின் டைகோ உமேஹராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வொங்கும் எதிர்நின்றனர். உமேஹராவின் உருவத்துக்கு ஏறத்தாழ உயிர்வலு இல்லை. வொங் தம்மிடமிருந்த மிகப் பெரிய தாக்குதலைத் தொடுத்தார். அது பதினைந்து அடிகள் கொண்டது. வழக்கமான முறையில் தடுத்தாலும் ஒவ்வோர் அடியும் சிறிது வலுவைக் குறைக்கும். ஆகவே தடுப்பவன் இறப்பது உறுதி. அவ்விளையாட்டில் இன்னொரு வழி உண்டு. அடி வந்து சேரும் நுண்கணத்தில், பின்வாங்காது, எதிரியை நோக்கிக் கைப்பிடியைத் தள்ள வேண்டும். காலம் சற்றே பிறழினும் அடி விழும். முதல் அடியையோ, அது தொடங்குமுன்னரே எதிர்பார்த்துத் தள்ளவேண்டும். உமேஹரா பதினைந்து அடிகளையும் இவ்வாறு எதிர்கொண்டு, உடனே திருப்பித் தாக்கி அவ்வாட்டத்தை வென்றார். கூடியிருந்தோரின் ஆரவாரத்துடன் பதிவான அக்காட்சி பின்னர் உலகெங்கும் பார்க்கப்பட்டது.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. உமேஹரா அப்பிரிவில் வாகைசூடவில்லை. இறுதிப் போட்டியில் அவர் தமது நாட்டவரான கென்ஜி ஒபாட்டாவிடம் தோற்றார். வென்றவரின் பெயர் பெரும்பாலோர்க்குத் தெரியாது. தோற்றவர் செய்த செயலே இவ்விளையாட்டின் வரலாற்றில் நிலைத்துவிட்டது. பயனையே அளவுகோலாகக் கொள்வோர்க்கு இது விளங்காப் புதிராகும். பதக்கமும் பணமும் வென்றவரைச் சேர்ந்தன. மதிப்போ வேறொருவரைச் சேர்ந்தது. அம்மதிப்பு எதற்கு உரியது?

1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஒழுக்கவியல் நூலொன்றில் அலஸ்டயர் மக்கின்ரயர் செய்த வேறுபாடு இப்புதிரை அவிழ்க்கின்றது. நெறிப்பட்ட எச்செயற்பாட்டிலும் இருவகை நன்மைகள் உள என்பார் அவர். புகழ், பொருள், பதவி என்பன புற நன்மைகள். இவற்றை வேறு வழியாலும் பெறலாம்; ஒருவன் பெற்றால் மற்றவனுக்குக் குறையும். அச்செயற்பாட்டின் நுட்பங்களுள் மட்டுமே விளங்குவனவும், அதில் தோய்ந்தோரால் மட்டுமே உணரப்படுவனவும் அக நன்மைகள். ஒருவன் இவற்றை அடைந்தால் அத்துறை முழுவதும் வளம்பெறும். பொமோனாவில் இருந்தோர் ஆரவாரித்தது ஓர் அக நன்மையைக் கண்டமையாலேயாகும். தோல்வி அதனை அழிக்கவில்லை. வொங்கும் அதிற் பங்காளியே. அவர் அவ்வளவு வலிதாகத் தாக்கியிராவிடில் அச்செயல் பிறந்திராது. எதிரி இங்குப் பகைவனல்லன். சிறப்பு வெளிப்படுவதற்கு இன்றியமையாத துணைவன். கொம்பு முறித்தலில் வடசேரி இன்றித் தென்சேரி இல்லாமை போன்றதே இது. சண்டை உருவங்களைக் கொண்ட விளையாட்டு வன்முறையைப் பயிற்றுமோ என அஞ்சுவோரும் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். வன்முறை எதிரியின் இல்லாமையை வேண்டுவது. ஆட்டமோ எதிரி மீண்டும் வருதலை வேண்டுவது. நீண்ட போரைக் கண்ட இந்நிலத்துக்கு இவ்வேறுபாடு நூலறிவால் உணர்த்தப்பட வேண்டியதொன்றன்று.

பயன் என்னும் கடன்

ஆயினும் பயன்பற்றிய வினா இதனால் முற்றுப்பெறவில்லை. உமேஹராவின் வாழ்வே அதனை மீண்டும் எழுப்புகின்றது. பொமோனா நிகழ்ச்சிக்குச் சில காலத்தின் பின் அவர் விளையாட்டைக் கைவிட்டார். சில ஆண்டுகள் மாஜோங் ஆட்டத்தில் முனைந்தார். அதனையும் விட்டபின் முதியோர் பராமரிப்பு நிலையமொன்றிற் பணிபுரிந்தார். 2008ஆம் ஆண்டில் ‘ஸ்ட்ரீட் பைட்டர் 4’ வெளிவந்த பின்னர் மீண்டும் ஆடத் தொடங்கினார். 2009, 2010 ஆகிய இரு ஆண்டுகளிலும் அப்புதிய விளையாட்டில் இவோ வாகையரானார். 2010ஆம் ஆண்டில் நிறுவனமொன்றின் ஆதரவைப் பெற்றுத் தொழில்முறை வீரரானார்.

முதியோரைத் தூக்கி இருத்தி, உணவூட்டி, தூய்மை செய்யும் பணி பயனுடையது என்பதில் ஐயமில்லை. திரையில் ஓர் உருவத்தை வீழ்த்துவதாற் பசித்த ஒருவர் வயிறும் நிறைவதில்லை. அவ்வாறாயின், முதியோரை விட்டு விளையாட்டுக்கு மீண்டவர் ஒழுக்கத்திற் பிழைத்தவரா? பயன்பாட்டுவாதிகளின் அளவுகோலைக் கடுமையாகப் பிரயோகித்தால் அவ்வாறே கூறவேண்டிவரும். ஆனால் அவ்வளவுகோல் அத்துடன் நில்லாது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் பல்லாண்டு முயன்று, வழக்கிழந்த யாழ்க்கருவியின் இயல்பைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் துணைகொண்டு ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். எவரும் மீட்டாத கருவியைப் பற்றிய அவ்வாராய்ச்சியில் அவர் செலவிட்ட நேரத்தை வேறு தொண்டில் செலவிட்டிருக்கலாம் எனக் கூறுவாருளரோ? கூறுவாராயின் தமிழியலே எஞ்சாது. பல்கலைக்கழகங்களில் பெரும்பகுதியும் எஞ்சாது. திரை விளையாட்டை யாழ் நூலோடு சமன் செய்தல் இங்குக் கருத்தன்று. பயன் ஒன்றே மனித முயற்சியின் முழு அளவாகாது என்பதே கருத்து.

கான்ற் இவ்விடத்தில் உதவுகின்றார். தன்னிடத்துள்ள ஆற்றலை வளர்த்தல் மனிதன் தனக்குத் தானே செய்யவேண்டிய கடமை என்பது அவர் கொள்கை. ஆயின் அது நெகிழ்வுடைய கடமை. எவ்வாற்றலை எவ்வளவு வளர்ப்பது என்பதை ஒருவன் தானே தெரிந்துகொள்ளலாம். வாக்குறுதி காத்தல் போன்றவை நெகிழ்வற்ற கடமைகள். நெகிழ்வுடைய கடமையின் பெயரால் நெகிழ்வற்ற கடமையை ஒருவன் மீறலாகாது. இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டால், முதியோர் நிலையப் பணியை முறைப்படி விட்டு விலகியவர் குற்றவாளியல்லர். தன்னை நம்பியிருந்த ஒருவரைத் தனியே விட்டு விளையாடப் போனவனே குற்றவாளி. இரு செயல்களும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றினும் ஒழுக்கத்தில் வேறானவை. 2015ஆம் ஆண்டிற் கப்கொம் நிறுவனத்தின் ஆண்டிறுதிப் போட்டியில் இரண்டாமிடம் பெற்ற உமேஹரா, தமக்குக் கிடைத்த 60,000 டொலரையும் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் விளையாட்டியல் பயிலும் மாணவரின் உதவித்தொகைக்கு வழங்கினார் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அக நன்மையைத் தேடியவர் புற நன்மையைப் பிறர்க்காக விடுத்தல் அரிதன்று.

எவருடைய நிலம்?

புற நன்மைகளை இழிவாகக் கருதவும் கூடாது. அரங்கேறிய மாதவி பெற்ற மாலைக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலையெனச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. அவளுடைய ஏழாண்டுப் பயிற்சியை அப்பொன் இழிவுபடுத்தவில்லை. அம்மாலை கடைத்தெருவில் விலைகூறப்பட்ட கணத்திலேயே துன்பம் தொடங்கியது. கலைக்குக் கிடைக்கும் பரிசு ஒன்று; கலைஞரையே விலைப்படுத்தும் சந்தை மற்றொன்று. 2024ஆம் ஆண்டில் கப்கொம் நிறுவனத்தின் போட்டியில் முதற்பரிசு பத்து இலட்சம் டொலராயிற்று. அதனைத் தைவானைச் சேர்ந்த இளம் வீரர் ஒருவர் வென்றார். இத்தகைய தொகைகள் எழும்பொழுது அவ்விரண்டையும் பிரிக்கும் கோடு மெலிகின்றது.

இதனினும் ஆழமானதொரு சிக்கல் இத்தொழிலில் உண்டு. சதுரங்கத்துக்கு உரிமையாளர் இல்லை, சிலம்பத்துக்கும் இல்லை. திரை விளையாட்டுகளுக்கோ உரிமையாளர் உளர். ஸ்ட்ரீட் பைட்டர் கப்கொம் நிறுவனத்தின் உடைமை; டெக்கென் பண்டாய் நம்கோ நிறுவனத்தின் உடைமை. ஓர் உருவத்தின் வலுவை நிறுவனம் ஓர் இரவிற் குறைத்துவிடலாம். புதிய பதிப்பு வெளிவரும்பொழுது பழைய பதிப்பிற் பெற்ற தேர்ச்சியின் பெரும்பகுதி பயனற்றுப் போகும். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளின் நெல் வேளாண்மையை அறிந்தோர்க்கு இந்நிலை புதிதன்று. போடியாரின் வயலிற் பாடுபடும் முல்லைக்காரன் அவ்வயலின் மேடுபள்ளம் அனைத்தையும் அறிவான். போடியாரினும் நன்கு அறிவான். எனினும் வயல் அவனுடையதன்று. அடுத்த போகத்தில் அவன் அங்கு நிற்பானா என்பதை முடிவு செய்பவனும் அவனல்லன். தொழில்முறை விளையாட்டு வீரன் தன் இளமை முழுவதையும் பிறர் நிலத்தில் விதைப்பவன். இதனை அறியாது இறங்குபவன் ஏமாற்றப்படுகின்றான். அறிந்தும் அறிவியாது அவனை அழைக்கும் நிறுவனம் ஏமாற்றுகின்றது.

ஆயின் முல்லைக்காரனிடத்தும் ஒன்று எஞ்சும். வயல் கைமாறினும் வேளாண்மை அறிவு அவனை விட்டுப் போவதில்லை. உமேஹரா ஒரு பதிப்பைவிட்டு நீங்கிச் சில ஆண்டுகளின் பின் மற்றொரு பதிப்பில் வென்றமைக்கு இதுவே காரணமாகலாம். அவர் 2012ஆம் ஆண்டில் யப்பானிய மொழியில் வெளியிட்ட நூலில் வெல்லுதலையும் தொடர்ந்து வெல்லுதலையும் வேறுபடுத்துகின்றார். ஓர் ஆட்டத்தை மட்டும் வெல்வதற்குக் குறுக்குவழி போதும்; தொடர்ந்து வெல்ல விரும்புபவன் தன்னை ஓயாது மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அதன் உட்பொருள். விளையாட்டு மாறினும் மாறாதது கற்கும் குணமே. அக்குணத்தை எந்நிறுவனமும் உரிமையாக்க இயலாது.

லாகூர் தரும் பாடம்

இதுவரை கூறியவை யப்பானும் அமெரிக்காவும் போன்ற செல்வ நாடுகளுக்கே பொருந்தும் எனச் சிலர் கருதலாம். அவர்க்குப் பாக்கிஸ்தானின் அர்ஸ்லான் சித்தீக் விடையாகின்றார். அர்ஸ்லான் ஆஷ் என்னும் பெயரால் அறியப்படும் இவர் லாகூர் நகரத்தவர். 2019ஆம் ஆண்டு பெப்ரவரியில் யப்பானின் புக்குவோக்கா நகரில் நடைபெற்ற டெக்கென் போட்டிக்கு, விசாத் தடைகளையும் அலைச்சல் மிக்க பயணத்தையும் கடந்து சென்று, எவரும் எதிர்பாராவகையில் வென்றார். அவ்வாண்டிலேயே லாஸ் வெகாஸில் நடைபெற்ற இவோ போட்டியில், தென் கொரியாவின் புகழ்பெற்ற வீரரான பே ஜே மின்னை இறுதியில் வென்று வாகையரானார். 2023, 2024 ஆகிய ஆண்டுகளிலும் அவ்வெற்றி அவருக்குக் கிட்டியது.

தம் நாட்டில் தம்மை வெல்லக்கூடியோர் வேறும் உளர் என அவர் வெளிப்படையாகக் கூறினார். அது வெறும் பணிவுரையன்று. மற்றொரு பாக்கிஸ்தானியரான அதிப் பட் பின்னர் டெக்கென் உலகச் சுற்றின் இறுதிப் போட்டியை வென்று அதனை மெய்ப்பித்தார். லாகூரின் விளையாட்டுக் கூடங்களில் பெயரறியா இளைஞர் பலர் ஒருவரோடொருவர் நாள்தோறும் ஆடியதன் விளைவே அர்ஸ்லானின் திறன். சிறப்பு என்பது தனியொருவன் உடைமையன்று என்னும் உண்மை இதனாற் பெறப்படுகின்றது. வாகை ஒருவன் தலையிற் சூட்டப்படினும் அதனைத் தொடுத்த கைகள் பல. மறுபுறம், திறனில் எவர்க்கும் குறையாத அக்கூடத்து இளைஞர் நெடுங்காலம் உலகிற்குத் தெரியாதிருந்தமைக்குக் காரணம் கடவுச்சீட்டும் பணமும் ஆகும். ஆட்டத்தின் விதிகள் இருவர்க்கும் சமமாயினும், ஆட்டக்களத்தை அடையும் வழி சமமானதன்று. மாரிகாலத்தில் கிட்டங்கியில் வெள்ளம் பாயும்பொழுது பரீட்சைக்குச் செல்லும் மாணவனின் நிலையை எண்ணினால் இது விளங்கும். வினாத்தாள் எல்லார்க்கும் ஒன்றே. மண்டபத்தை அடைதல் ஒன்றன்று. இவ்வேற்றத்தாழ்வைக் கண்டுகொள்ளாது ‘திறமையுள்ளவன் வெல்வான்’ எனக் கூறுதல் நேர்மையாகாது.

தந்தை கூறத்தக்க விடை

இனித் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு மீளலாம். சொறிக்கல்முனைத் தந்தையின் அச்சம் அறியாமையன்று. போரும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளும் தாக்கிய இக்கரையோரத்தில் உயிரைக் காத்தலும் பிள்ளைகளைக் கரைசேர்த்தலுமே பெரும்பாடாயிருந்தன. அரசாங்க உத்தியோகமோ மத்திய கிழக்கு வேலையோ தரும் பாதுகாப்பை அவர் மதிப்பது இயல்பு. அன்றியும், வாகை சூடுவோர் ஒருசிலர். முயன்று ஓய்வோர் மிகப் பலர். உமேஹராவையும் அர்ஸ்லானையும் மட்டும் எடுத்துக்காட்டுதல், கரைசேர்ந்த படகுகளை மட்டும் எண்ணிக் கடலின் இயல்பைக் கூறுதல் போன்றதாகும். வெற்றியை மட்டுமே நியாயமாகக் கொண்ட வாழ்வு தோல்வியில் நியாயமற்றதாகிவிடும். ஆகவே ‘வென்றால் சரி’ என்பது ஒழுக்கவியல் விடையன்று. அது சூதாடியின் விடை. வள்ளுவர் சூதுக்குத் தனியோர் அதிகாரம் வகுத்தமையும் இசுலாம் சூதை விலக்கியமையும் எண்ணத்தக்கன. சூதாடி தன் கைக்குள் அடங்காத வாய்ப்பின்மீது வாழ்வை வைக்கின்றான். விளையாட்டு வீரன் தன் பயிற்சியின்மீது வைக்கின்றான். பரிசை மட்டும் நோக்கி ஆடத் தொடங்கிய கணத்தில் இவ்விருவர்க்கும் இடையேயுள்ள வேறுபாடு மறைகின்றது.

எனவே தந்தை மகனை நோக்கி எழுப்பத்தக்க வினாக்கள் மூன்று. முதலாவது: பரிசு ஒன்றும் கிடையாதெனத் தெரிந்தாலும், இவ்வாட்டத்தில் இன்னும் நுட்பம் காண்பதற்காக நீ ஆடுவாயா? இது அக நன்மையைச் சோதிப்பது. இரண்டாவது: உன்னை நம்பியிருப்போர்க்கு நீ செலுத்தவேண்டிய நெகிழ்வற்ற கடன் எதனையேனும் இதன்பொருட்டு நீ கைவிடுகின்றாயா? இது கடமையைச் சோதிப்பது. மூன்றாவது: இந்நிலம் உன்னுடையதன்று என்பதையும், ஒருநாள் இதனை விட்டு நீங்கவேண்டிவரும் என்பதையும் அறிந்து, அன்று கொண்டுசெல்லத்தக்க யாதேனும் ஒன்றை நீ தேடி வைக்கின்றாயா? இது அறிவுடைமையைச் சோதிப்பது. இம்மூன்றுக்கும் நேர்மையாக ஆமெனவும், இல்லையெனவும், ஆமெனவும் முறையே விடைகூற வல்லவனின் வாழ்வை வீண்வாழ்வு எனத் தள்ளுதற்கு நியாயம் இல்லை. விடைகூற இயலாதவன் மருத்துவனாகவோ பொறியியலாளனாகவோ ஆயினும் அவ்வாழ்வு நிறைவுறும் என்பதற்கும் உறுதியில்லை. ஏனெனில் இவ்வினாக்கள் விளையாட்டுக்கு மட்டும் உரியன அல்ல. பட்டத்தின் பொருட்டன்றிப் பாடத்தின் பொருட்டுப் படிப்பவர் எத்தனை பேர் என்பதைப் பல்கலைக்கழக மாணவரும் விரிவுரையாளரும் தத்தம் உள்ளத்தைக் கேட்டறிதல் தகும்.

‘இதனால் என்ன பயன்?’ என்னும் வினா தவறானதன்று, முற்றுப்பெறாதது. ‘இதனுள் என்ன நன்மை?’ என்னும் வினாவும், ‘இதன்பொருட்டு எவர் என்ன இழக்கின்றனர்?’ என்னும் வினாவும் அதனோடு சேரும்பொழுதே அது நிறைவுபெறும். பொமோனாவிற் பதினைந்து அடிகளையும் முன்னோக்கி எதிர்கொண்ட மனிதர் அன்று வாகையின்றியே மீண்டார். பின்னர் முதியோரின் படுக்கையருகே நின்றார், மீண்டும் ஆடினார், பெற்ற பொருளை மாணவர்க்கு ஈந்தார். அவர் வாழ்வின் மதிப்பு இவற்றுள் எவ்வொன்றிலும் தனித்து நிற்கவில்லை. தொழில் எதுவாயினும் அதனை மனிதன் எவ்வாறு தாங்குகின்றான் என்பதிலேயே மதிப்பு தங்கியுள்ளது. பிள்ளையின் தொழிலைத் தெரிவு செய்வதிலும், அவ்வாறு தாங்கும் வலிமையை அவனிடத்து வளர்ப்பதே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய முதற்கடனாகும்.